வினவுவது குற்றமா?

மரத்தில் வாழும் ஆக்டோபஸ் ஒன்று அமெரிக்கக் காடுகளில் அழிந்து வருகிறதென்று கூறும் இணையதளம் 1998ஆம் ஆண்டில் தோன்றியது. அத்தனையும் கற்பனை! ஆயினும் 2006இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை ஏழாம் வகுப்பு மாணவருக்குக் காட்டியபோது, நன்கு வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே நம்பிவிட்டனர்.

நம் மாணவியரும் பெற்றோரின் கைப்பேசியில் பாடக் குறிப்புகளைத் தேடுகின்றனர். முதலில் வருவதை அப்படியே படியெடுக்கின்றனர். அது விளம்பரமாகவும் இருக்கலாம் அன்றோ? எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார், வேறிடத்திலும் அச்செய்தி உண்டா என்னும் நான்கு வினாக்களை எழுப்ப அவர்களைப் பழக்குவது நம் கடமை.

ஆனால், வீட்டிலும் வகுப்பிலும் வினா எழுப்பும் பெண்ணை 'வாயாடி' என்று அடக்கிவிட்டு, இணையத்தில் மட்டும் அவள் ஆராய வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? கபிரியேல் தூதர் கொணர்ந்த செய்திக்கே நம் தேவமாதா விளக்கம் கேட்டார்கள். அதன் பின்னரே இசைந்தார்கள். வினவுதல் கீழ்ப்படிதலுக்குப் பகையன்று.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நம் பெண்கள் நம்மையே கேட்கட்டும். சினவாது விடையளிப்போம்.