சைலன்சர் லீக் என்பது சத்தப் பிரச்சினை அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். கார், ஆம்னி, வேன் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வேனில் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

விழுப்புரம் நேருஜி ரோட்டிலோ திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கமோ சாயங்காலம் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு வண்டி படபடவென்று வெடித்துக்கொண்டு போகும். பைக்கில் ஆரம்பித்த வியாதி காருக்கும் வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெல்டிங் பட்டறையில் ஒரு நேர்க்குழாயை வளைத்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். நாமும் "காது கிழிகிறது" என்று புலம்புகிறோம். விசாகப்பட்டினத்திலும் நாக்பூரிலும் போலீஸார் இந்த மாதிரி சைலன்சர்களை வரிசையாக அடுக்கி நசுக்கிய வீடியோவைப் பார்த்துக் கை தட்டுகிறோம்.

சத்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நாம் சின்னக் குற்றத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய குற்றத்தை விட்டுவிட்டோம் என்கிறேன். சத்தம் வெளியே நிற்பவன் காதைக் கெடுக்கிறது. லீக், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் உயிரை எடுக்கிறது. சத்தத்தை எல்லாரும் கேட்கிறார்கள். இதற்கு வாசனைகூடக் கிடையாது.

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தவன் என்ற முறையில் ஒரு நிமிஷப் பாடம். எரிபொருள் முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். ஏறிய பயணி சீக்கிரம் இறங்க மாட்டான். ஆக்சிஜனுக்கு சீட் கிடைக்காது. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். "வெயில்ல வந்தது, பித்தம்" என்று நாம் எலுமிச்சம்பழம் தேடுவோம்.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். ஜெனரேட்டர் புகை, வண்டித் தளத்தில் இருந்த ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் 2017-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் போலீஸ், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் சுமார் 400-ஐ ஓட்டத்திலிருந்தே நிறுத்தியது. ஓட்டும் போலீஸாருக்கே தலை சுற்றியது. சைரன், விளக்கு, வயர் பொருத்தப் போட்ட ஓட்டைகளைச் சரியாக அடைக்காதது ஒரு முக்கியக் காரணம் என்று பின்னால் சொன்னார்கள். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். வண்டியில் கை வைத்தவன் ஓட்டையை அடைக்காமல் விட்டான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாற்றிய சைலன்சர் ஏன் லீக் ஆகிறது? பைப்பு மெலிசு. இணைக்கும் பிளேட்டும் மெலிசு. சூட்டில் வளைந்து விடுகிறது. இன்ஜின் ஆடும்போது அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள கம்பெனி ஒரு ஃப்ளெக்ஸ் பைப்பு வைத்திருப்பான். அதை "எதுக்கு இது" என்று வெட்டிவிடுகிறார்கள். தொங்கவிடும் ரப்பரில் இரண்டைக் காணோம். மொத்த பாரமும் முன்னால் இருக்கும் ஜாயின்ட்டில் விழுகிறது. போதாததற்கு நம் வேகத்தடைகள். ஆறு மாதத்தில் வெல்டிங் வாய் பிளக்காமல் என்ன செய்யும்?

இதற்கு நம் ஆட்கள் செய்யும் வைத்தியம்தான் எனக்குக் கோபம். எங்கள் தெருவில் ஒரு தம்பியின் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று சத்தம். ஒரு பட்டறையில் டாப்பெட் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். சத்தம் போகவில்லை. இன்னொரு இடத்தில் எம்-சீல் அப்பினார்கள். ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது இடத்தில், "சார், அது ஸ்போர்ட்ஸ் சைலன்சர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தம்பியின் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும். கடைசியில் என்னிடம் படித்த ஒரு மெக்கானிக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தார். மேனிஃபோல்டில் ஒரு ஸ்டட் உடைந்து, கேஸ்கட் ஓரமாக எரிந்து, பக்கத்தில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. ஜோசியம் பார்க்கவில்லை, குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

நீங்களும் பார்க்கலாம்:

1. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். குளிர்ந்த நிலையில் சத்தம் அதிகமாகவும், சூடானதும் குறைந்தும் இருந்தால் மேனிஃபோல்டு பக்கம் சந்தேகப்படுங்கள். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. 'இப்போ சரியாயிடுச்சு' என்று ஏமாறக் கூடாது.

2. வண்டி முழுதாக ஆறிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். கறுப்புக் கரிக்கோடு இருந்தால் அதுதான் ஓட்டையின் கையெழுத்து.

3. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பின்குழாயில் ப்ளோயர் காற்றை உள்ளே விட்டு, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பதுபோல, குமிழி வந்த இடம் லீக்.

4. ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு யாரும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம்.

சரி செய்வதும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பழைய கேஸ்கட்டை மறுபடி போடக் கூடாது. உடைந்த ஸ்டட்டை எடுத்துப் புதிது போட வேண்டும். மேனிஃபோல்டு முகம் வளைந்திருந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்ய வேண்டும். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் பைப்பையும் ரப்பரையும் திரும்ப மாட்ட வேண்டும். எம்-சீலும் பேஸ்ட்டும் வீடு வந்து சேர்வதற்கு. வாழ்நாள் முழுக்க ஓட்டுவதற்கு அல்ல.

"பவர் கூடுது சார்" என்கிறான் ஒரு தம்பி. லீக் ஆகும் குழாயில் என்ன பவர்? ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலக்கும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் போகும், விஷவாயு கூடும். அதைச் சுத்தம் செய்ய வேண்டிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நீதான் கழற்றி விற்றுவிட்டாயே!

"புகைச் சான்றிதழ் இருக்கு சார்" என்பான் இன்னொருவன். அந்தக் கருவியைச் செருகுவது வாலில். ஓட்டை இருப்பது தலையில். வழியில் காற்று கலந்தால் வாலில் அளவு குறைவாகவே காட்டும். சான்றிதழ் பாஸ் என்றால் வண்டிக்குள் இருப்பவன் பாஸ் என்று பொருள் இல்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. ஆனால் சாலையில் சோதனை என்றால் காதால்தான் நடக்கிறது. சத்தம் போடாமல் லீக் ஆகும் வண்டி சலாம் வாங்கிக்கொண்டு போகிறது.

எனக்கு உண்மையான பயம் இளைஞர்களின் கார் அல்ல, ஆம்னிதான். 2019-ல் உற்பத்தி நின்றாலும் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. ஆம்னியின் இன்ஜின் எங்கே இருக்கிறது? முன் சீட்டுக்கு அடியில். அங்கே மேனிஃபோல்டு லீக் ஆனால் புகைக்கும் பிள்ளைக்கும் நடுவே இருப்பது ஒரு மூடியும் அதன் ரப்பரும்தான். அந்த ரப்பர் எத்தனை வண்டியில் முழுசாக இருக்கிறது? பைகளை அடைத்துப் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுகிறார்கள். ஓடும்போது பின்பக்கப் புகை அந்தத் திறப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். பிள்ளை வகுப்பில் வந்து தூங்கினால் "ராத்திரி டிவி பார்த்தியா" என்று அடிக்கிறோம்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைக்கு விதி வர ஒரு குழந்தையின் உயிர் தேவைப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு இன்னொரு உயிருக்காகக் காத்திருக்க வேண்டுமா?

ஆகவே கேட்கிறேன். பள்ளி திறக்கும் முன் ஆண்டுதோறும் வாகனங்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிகள், முதலுதவிப் பெட்டியையும் அவசரக் கதவையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், மேனிஃபோல்டு முதல் பின்குழாய் வரை ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்க்க வேண்டும். சோதனைக்கே வராத ஆம்னிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள், லீக் என்று தெரிந்த வண்டியை "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பக் கூடாது. காசு குறைவாக இருந்தால் கேஸ்கட்டை மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள், மீதியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள். வேன் ஓட்டும் தம்பிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. அவர்களும் அதே காற்றைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள்.

பெற்றோர் நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். வேன் வந்து நின்றதும் கதவருகே போய் நின்று கேளுங்கள், முகர்ந்து பாருங்கள். புகை நெடி வந்தால் பிள்ளையை ஏற்றாதீர்கள். மோனாக்சைடுக்கு மணம் இல்லை, ஆனால் அதோடு வரும் மற்ற புகைக்கு உண்டு. நெடி இல்லை என்றாலும், வண்டியில் வந்தால் மட்டும் தலைவலி, இறங்கினால் சரியாகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "ஓகே பூமர்" என்று மட்டும் எழுதுகிறவர்கள், முதலில் உங்கள் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

— ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டிவனம்