பச்சை காட்டுற செயலியும் கண்ணுக்குத் தெரியாத ஈயமும்



போன்ல காத்துத் தரம் பச்சைன்னு வந்தா நமக்கு ஒரு நிம்மதி. அந்த எண் பெரும்பாலும் சொல்றது தூசியோட எடையைத்தான். அதுல ஈயம் இருக்கா, ஆர்சனிக் இருக்கா, நிக்கல் இருக்கா... மூச்!

இந்த மூணுக்கும் 2009-லேயே நம்ம நாட்டுல வரம்பு போட்டாச்சு. ஈயத்துக்கு, கன மீட்டர் காத்துல ஆண்டு சராசரி 0.5 மைக்ரோகிராம். ஆனா உலக சுகாதார நிறுவனமோ, உடம்புக்குள்ள போற ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே தெரியலைங்குது.

"2000-லேயே ஈய பெட்ரோலை ஒழிச்சாச்சே"ம்பீங்க. சரி, பழைய பேட்டரியை உடைச்சு உருக்குற பட்டறைங்களை ஒழிச்சோமா? ஈயம் மக்காது சாமி. புகையில வரும், தூசியா படியும், வண்டி போனா திரும்பக் கிளம்பும்.

என் பொண்ணு ஜன்னல் திட்டைத் தடவிட்டு அதே கையை வாயில வைக்கிறா. விழுங்குற ஈயத்தைப் பெரியவங்களை விட 4, 5 மடங்கு குழந்தைங்க உடம்பு உறிஞ்சிக்கும். அடி விழறது மூளையில.

நாடு முழுக்க பெட்ரோலையே மாத்தினவங்களுக்கு, ஊர் ஊரா உலோகத்தை அளந்து அதே செயலியில போட முடியாதா? அதுவரைக்கும் எனக்குப் பச்சை காட்டாதீங்கய்யா!