வைத்தியர் அறையில் கணவர் உரைபெயர்ப்பாளராக இருப்பது தகுமா?

சிட்னியின் வடமேற்கே, கெல்லிவில்லிலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ளன. முன்னர் ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில் ஆகிய இடங்களில் வாடகைக்கு வாழ்ந்த பலர் இங்கு சொந்த வீடு கட்டினர். 2019 மே மாதத்தில் மெட்ரோ தொடருந்து வந்தபின் நகருக்குப் போய்வருவதும் இலகுவாயிற்று. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இவை வசதியான வீடுகள். கணவர் வேலைக்குச் சென்றபின் வாகனம் ஓட்டத் தெரியாமல், ஆங்கிலம் பேசத் தயங்கி, கைக்குழந்தையோடு அவ்வீட்டில் தனித்திருக்கும் இளம் மனைவிக்கு அதே வீடு வேறுவிதமாகத் தோன்றும்.

அத்தகைய பெண்ணுக்கு உடல்நலம் குன்றினால் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்பவர் கணவரே. வைத்தியர் ஆங்கிலத்தில் வினவுகிறார். கணவர் தமிழில் கேட்கிறார். மனைவி நாலைந்து வசனங்கள் பேசுகிறார். "நித்திரை குறைவாம்" என்று கணவர் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். நித்திரைக்கு மாத்திரை கிடைக்கிறது. அவர் சொன்ன மீதி வசனங்கள் எங்கும் பதிவாவதில்லை.

பெரும்பாலான கணவர்மார் இதனை அன்பினாலேயே செய்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. வேலையில் விடுப்பெடுத்துக்கொண்டு வருகின்றனர். ஆயினும் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது அன்புள்ள கணவரும் நல்ல உரைபெயர்ப்பாளராக இருப்பது அரிது. தமிழ்ப் பெண்கள் மனத்தின் துயரைப் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே சொல்கின்றனர்: தலையிடி, நெஞ்சு பாரம், உடம்பு உளைவு. யாழ்ப்பாணத்துப் பெண் "ஒரே யோசனை" என்றால் அவர் கவலையில் உழல்கிறார் என்று பொருள். அதனைச் சிந்தனை என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் வைத்தியருக்கு எதுவுமே விளங்காது. கணவரோ தம்மைப் பற்றிய குறையாக அது ஆகிவிடுமோ என்று அஞ்சி மென்மையாக்கிச் சொல்வார். அவரே துன்பத்தின் காரணமாக இருக்கும் வீடுகளில் அந்தப் பெண் வாய் திறப்பதேயில்லை.

இதற்கான வசதி இந்நாட்டில் இல்லையா? நெடுங்காலமாகவே உண்டு. தொலைபேசி மூலமான உரைபெயர்ப்புச் சேவை 1973இல் சிட்னியிலும் மெல்பேணிலும் தொடங்கப்பட்டது. இன்று 131 450 என்ற இலக்கத்தை எவரும் அழைத்துத் "தமிழ்" என்று சொல்லலாம். தனியார் வைத்தியர்களுக்கெனத் தனியான முன்னுரிமை இணைப்பும் இருக்கிறது. மெடிகேர் உள்ள நோயாளிக்காக அழைக்கும் வைத்தியரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேற்பட்டோர். தமிழுக்கு ஆள் கிடைக்காது என்ற நிலையும் இன்றில்லை.

பயன்படுத்தப்படாமைக்குக் காரணங்கள் வேறு. உரைபெயர்ப்பாளரோடு பேசினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மெடிகேர் கொடுப்பனவு முறையோ குறுகிய சந்திப்புக்களையே ஊக்குவிக்கிறது. கணவர் அருகிலேயே ஆங்கிலம் பேசிக்கொண்டு நிற்கும்போது, காத்திருப்போர் நிறைந்த நிலையத்தில் எந்த வைத்தியர் தொலைபேசியை எடுப்பார்? தமிழ் வைத்தியரிடம் போகலாமே என்பார் சிலர். அங்கேயும் ஓர் இடர் உண்டு. அவ்வைத்தியர் மாமனாரின் நண்பராக இருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை மேஸ் ஹில் முருகன் கோவிலில் அவரையே நேரில் காண நேரலாம். வைத்தியர் இரகசியம் காப்பார் என்பது உண்மையாயினும், அச்சம் உண்மையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முகந்தெரியாத, இயன்றால் வேறு மாநிலத்திலிருக்கும், பெண் உரைபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டுப் பெறலாம் என்ற தகவலை அப்பெண்ணிடம் சேர்ப்பதே இங்கு முதற்தேவை.

அரச வைத்தியசாலைகள் இவ்விடயத்தில் ஓரளவு முன்னே நிற்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் கர்ப்பிணிப் பெண்களிடம் குடும்ப வன்முறை குறித்து வழமையாகவே கேட்கப்படுகிறது. அக்கேள்விகளைக் கணவர் முன்னிலையில் கேட்கலாகாது என்பது விதி. பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வை அறிய, 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் பயன்படுகிறது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதனைக் கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால் வரும் விடை என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தையோடு வீடு திரும்பியபின் அப்பெண் செல்வது மீண்டும் அந்தக் குடும்ப வைத்தியரிடமே. மெடிகேர் உதவியுடன் உளவியலாளரை ஆண்டுக்குப் பத்துத் தடவை காண்பதற்கான வழியும் பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த அறையில் பேச்சு அடைபட்டால் அதற்கப்பால் உள்ள சேவைகள் யாவும் அவருக்கு இல்லாதவையே.

சட்டமும் மாறியிருக்கிறது. துணையைக் கண்காணித்து, உறவினரிடமிருந்து பிரித்து, பணத்தைத் தடுத்து ஒடுக்கும் தொடர் நடத்தை 2024 ஜூலை 1 முதல் இம்மாநிலத்தில் குற்றமாகும்; உச்ச தண்டனை ஏழாண்டுச் சிறை. ஆனால் இக்குற்றம் இந்நாள் அல்லது முன்னாள் துணைவர்களுக்கு மட்டுமே பொருந்தும். மாமியாரும் மைத்துனரும் கூட்டாகச் செய்யும் ஒடுக்குமுறை இதற்குள் அடங்காது. தமிழ்க் குடும்ப அமைப்பை அறிந்தோர் சட்டமியற்றுவோரிடம் எடுத்துரைக்க வேண்டிய குறை இது. எவ்வாறாயினும், சட்டம் இருப்பதை அறிந்து அதனைச் சொல்வதற்கு அப்பெண்ணுக்கு ஒரு தனியறையும் ஒரு குரலும் வேண்டும்.

இன்னொரு பிரிவினர் முற்றாகவே வெளியில் நிற்கின்றனர். தற்காலிகத் தொழில் விசாவில் வந்த கணினித் துறையினரின் மனைவியருக்கு, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவராயின், பொதுவாக மெடிகேர் கிடையாது; குடும்ப வைத்தியரிடம் இலவச உரைபெயர்ப்பும் அதனோடு போய்விடுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பின் செலவைச் சேமித்து எதனைச் சாதிக்கிறது கன்பராவிலுள்ள அரசு? அச்சேவையை விசா வேறுபாடின்றி விரிவாக்க வேண்டும். உரைபெயர்ப்புடன் நடக்கும் சந்திப்புக்களுக்கு வைத்தியருக்கு மேலதிகக் கொடுப்பனவு வழங்க வேண்டும்.

அரசு அசையும்வரை தமிழ் அமைப்புக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கெல்லிவில் சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு வைத்திய நிலையத்திலும் கேட்கப்பட வேண்டியது எளியது: ஒவ்வொரு பெண் நோயாளியையும் சில நிமிடங்களாவது தனியே காண்பதை நிலையத்தின் பொது வழக்கமாக்குங்கள். எல்லோருக்கும் பொதுவென்றால் எந்தக் கணவருக்கும் அது அவமதிப்பாகாது. 131 450 என்ற இலக்கமும், குடும்ப வன்முறைக்கான 1800 737 732 என்ற இருபத்துநான்கு மணிநேர இலக்கமும் தமிழ்ப் பாடசாலை வாயிலிலும் கோவில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்படட்டும். கழிப்பறையா என்று முகஞ்சுளிப்போர், பெண் தனியே நின்று வாசிக்கக்கூடிய வேறோர் இடத்தைச் சொல்லட்டும்.

கெல்லிவில்லுக்கு அண்மையில், ரவுஸ் ஹில்லில், 2015இல் வாக்களிக்கப்பட்ட வைத்தியசாலையில் பிரசவப் பிரிவும் சேர்க்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. கட்டிலின் எண்ணிக்கையைப் பற்றியும் வாகனத் தரிப்பிடத்தைப் பற்றியும் கேட்போர் பலர் உளர். அங்கே பகலிரவாகத் தமிழில் பேச எத்தனை பேர் அமர்த்தப்படுவர் என்ற கேள்வியைத் தமிழ் அமைப்புக்கள் இப்போதே தத்தம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.