பழைய வண்டி வாங்கும் அன்பர்களுக்கு

மணிலா மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் யாரும் விலை பேசுவதில்லை. பழைய கார், குட்டி யானை என்றால் மட்டும் சாவியைக் கண்டதும் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து விடுகிறோம்! வல்லத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் இப்படித்தான் தெரிந்தவரிடம் வண்டி வாங்கினார். ஆர்.சி.யிலேயே கடன் குறிப்பு இருந்தது. "அதெல்லாம் கட்டியாச்சு" என்ற வாய்ச்சொல்லை நம்பினார். மூன்றாம் மாதம் கடன் கொடுத்தவர்கள் வந்து வண்டியை ஓட்டிச் சென்று விட்டார்கள்.

1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வண்டி வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கினால் இன்ஜின் பழுதுக்கெல்லாம் பெரும்பாலும் வாங்கியவரே பொறுப்பு. ஆனால் கடனை மறைத்தோ, விற்க உரிமையில்லாமலோ விற்றால் விற்றவர் பதில் சொல்லியாக வேண்டும். நஷ்டஈடு கேட்கலாம். கோர்ட்டுக்கு எத்தனை வருஷம் அலைய வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே கடன் தீர்ந்த சான்றும், 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்தும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் தர வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் மாற்ற மனுச் செய்யவும்.

நம்மில் விற்பவர்களும் உண்டு. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது.