குற்றம் கத்தி மேலா, நம்ம மேலா?



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு மடக்குக்கத்தியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நான் மட்டும் போடக் கூடாது என்றேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது எங்கள் தாத்தாவின் கத்தி. தாத்தா ஆடு மேய்த்தவர். கத்தி எப்போதும் அவர் இடுப்பு மடியிலேயே இருக்கும். தழை அறுக்க, கயிறு வெட்ட, ஆட்டுக் குளம்பில் தைத்த முள்ளை எடுக்க, எல்லாத்துக்கும் அதுதான். தாத்தா இறந்தபின் இரண்டு வருஷம் மாடக்குழியில் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஒருநாள் சாக்குத் தையலைப் பிரிக்க அம்மா அதை எடுத்தார்கள். துருப்பிடித்து மொக்கையாக இருந்ததால் நுனியைக் குத்தி அழுத்தினார்கள். கத்தி வழுக்கி, மடங்கி, விரலை வெட்டிவிட்டது. மூன்று தையல் போட்டார்கள்.

"இந்தச் சனியன் இனிமே வீட்டுல இருக்கக் கூடாது" என்றார் அப்பா.

கூரான கத்திதான் ஆபத்து, மொக்கைக் கத்தி ஒன்றும் செய்யாது என்று நாம் நினைக்கிறோம். என் கருத்து நேர்மாறானது. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம் அல்லவா? கூரான விளிம்பின் பரப்பு மிகவும் குறைவு. அதனால் லேசாக வைத்து இழுத்தாலே அறுக்கும். மொக்கையானால் பரப்பு கூடிவிடும். நாம் விசையையும் கூட்டுவோம். அவ்வளவு விசையோடு கத்தி வழுக்கினால் போய் நிற்பது நம் விரலில்தான். எனவே குற்றம் கத்தி மேல் இல்லை. இரண்டு வருஷம் கவனிக்காமல் போட்ட நம்ம மேலதான்.

அப்பத்தா எனக்குத் துணை நின்றது. "எடுத்தா தாயி, பாப்போம்" என்றது. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் செங்கல் பொடி போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோம். மடங்கும் இடத்தில் இருந்த மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டினேன். உள்ளே தாத்தாவின் புகையிலைத் தூள் இன்னும் இருந்தது. அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மடங்கும் இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். சமையல் எண்ணெய் விட்டால் நாளாக ஆகப் பிசுபிசுத்து மண்ணை இழுத்துக்கொள்ளும்.

அடுத்து தீட்டுவது. கல்லை நனைத்துக்கொண்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். இந்தப் பக்கம் எத்தனை இழுப்போ, அந்தப் பக்கமும் அத்தனை. எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அப்பத்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, கைதான் தெரிந்து வைத்திருக்கிறது. நான் ஒரு தாளின் மூலையை மடித்துப் பார்த்தேன். 90 பாகையை மடித்தால் 45, இன்னொரு தடவை மடித்தால் 22½. அப்பத்தா பிடித்தது அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு! கூர் வந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்க்கக் கூடாது. பழைய பேப்பரை அறுத்துப் பார்த்தால் போதும்.

எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். புளிப்பும் உப்பும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். எவர்சில்வர் கத்தியில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால் ஈரத்தோடு போட்டால் அதிலும் துரு வரும். டப்பா மூடியை நெம்பக் கத்தியை எடுப்பதும் தப்பு, நுனி ஒடிந்துவிடும்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மடக்குக்கத்தி?" என்று அப்பா கேட்டார். தோழிகளே, நம்மில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பிலிருந்தே அரிவாள்மனையில் காய் நறுக்குகிறோம்? அது மடக்குக்கத்தியைவிடப் பெரிது. நறுக்க மட்டும் நாம் வேண்டும், தீட்டக் கற்றுத் தர மாட்டார்களா? சாணைக்காரர் வரும்வரை மொக்கையிலேயே நறுக்கிக் கையை வெட்டிக்கொள்ள வேண்டுமா? மாணவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கத்தியை விரித்துக் காட்டுவது வீரம் இல்லை. துடைத்து, மடக்கி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் பொறுப்பு. யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுவரக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆயுத பூஜை அன்று கத்திக்கும் அரிவாளுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மறுநாள் மூலையில் போடுகிறோம். ஒருநாள் பொட்டு வைத்தால் போதுமா? ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளித் தோட்டத்து அரிவாளும் மண்வெட்டியும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, உங்கள் முன்னிலையில், மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து அவற்றைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுங்கள். செங்கல் பொடி நான் கொண்டுவருகிறேன்.

போன வாரம் அப்பா ஆட்டுக்கயிறு வெட்ட வேண்டியிருந்தது. "தாத்தா கத்திய எடுத்தாம்மா" என்றார். பழைய இரும்புப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி