சொல்லிக்கொண்டு போகலாமே



சென்ற மாதம் கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் பிறந்தபோது கணக்குப் பிரிவு வேலையை விட்டவர், இப்போது வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். புது இடம், புது மென்பொருள், தன்னைவிட வயதில் சிறிய மேலாளர். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆனாலும் வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். படிக்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது.

அவர் மனதை அரித்தது வேறொன்று. வீட்டில் இருந்த ஆண்டுகளில் அவருக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. சிங்காநல்லூர் குளக்கரையில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். சேலத்திலும் தூத்துக்குடியிலும் இருக்கிற, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத நண்பர்கள், அது நாமக்கோழியா தாழைக்கோழியா என்று சொல்லித் தருவார்கள். மாமனார் தவறியபோது தினமும் விசாரித்தவர்களும் அவர்கள்தானாம். வேலைக்குப் போகத் தொடங்கியதும் குழுவைத் திறக்க நேரமில்லை. படிக்காத செய்திகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. சேரச் சேரத் திறக்கவே கூச்சமாகி, ஒருநாள் குழுவிலிருந்தே விலகிவிட்டார். இனி எந்த முகத்தோடு போய்ப் பேசுவது என்று கேட்டிருந்தார்.

அவருக்குத் தனியே எழுதிவிட்டேன். ஆனால் இது அவர் ஒருவரின் கேள்வி இல்லையே. கல்லூரி முடித்து ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்டுக்குப் போகிற பையனுக்கும், ஐம்பது வயதில் வேலை மாறுகிறவருக்கும் இதே திணறல் உண்டு. அதனால் அவர் சம்மதத்தோடு இங்கும் எழுதுகிறேன்.

புது வேலையின் முதல் சில மாதங்களில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பழையபடி நேரம் கொடுக்க முடியாது. பழகிய வேலையைக் கை தன் பாட்டுக்குச் செய்யும். புது வேலையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதை யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதற்கெல்லாம் மனம் விழித்திருக்க வேண்டும். வீடு திரும்பும்போது வாயைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. போகப்போக இது தணியும். நமக்குத் தெரிகிற இந்த விஷயம் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில்லையா, அப்படிச் சொல்லிவிடலாம். “புது வேலையில் சேர்ந்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு அதிகம் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்கிறேன்.” இவ்வளவு போதும். நேரம் குறைந்ததை எந்த நல்ல நண்பரும் பொறுத்துக்கொள்வார். காரணம் தெரியாத மௌனம்தான் வலிக்கும். அதிலும் இணைய நண்பர்களால் நம் முகச் சோர்வைப் பார்க்க முடியாது. எழுத்து நின்றால், உடம்பு முடியவில்லையோ, நம்மேல் வருத்தமோ என்று அங்கே ஒருவர் தவித்துக்கொண்டிருப்பார். அந்த வாசகிக்கும் இதைத்தான் சொன்னேன்: சேர்ந்துகிடக்கும் செய்திகளை எல்லாம் படிக்க வேண்டியதில்லை. மறுபடி சேர்ந்து ஒரு வணக்கம் போடுங்கள்.

முகம் தெரியாதவர்களோடு அப்படியென்ன நட்பு என்று கேட்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. அவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவைக் காட்டலாம். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் ஆணிவேர் மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான அவர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். பல நாடுகளில் இருந்தவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் திருத்தி, இணையத்திலேயே பழகி அதை வளர்த்தார்கள். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. வேலை முடிந்த பிறகு கிடைத்த பொழுதுகள் தமிழுக்கு எவ்வளவு கொடுத்திருக்கின்றன!

பொழுதுபோக்கை நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முழுதாக நிறுத்திவிடுகிறோம். பிறகு அது எளிதில் திரும்பி வருவதில்லை. நிறுத்தாமல் சின்னதாக்கிக்கொள்வது நல்லது. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு எனக்குப் பிடித்ததற்கு இது ஒரு காரணம். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ணில் படும் பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். மொட்டை மாடியே போதும், காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். கூடவே பிள்ளையை நிறுத்திக்கொண்டால் அந்தக் கால் மணி நேரம் குடும்பத்துக்கும் ஆயிற்று.

இனிச் சொல்லப்போவது வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். அந்த 88கூட, வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். ஒரு தம்ளரைக்கூடக் கழுவாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இந்த 289 நிமிடத்தைத் தொடாமல், ஒரு பெண்ணுக்கு நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று யோசனை சொல்வது அநியாயம். எந்த அட்டவணை போட்டாலும் முதலில் வெட்டுப்படுவது அவள் தூக்கம், அடுத்தது அவள் விருப்பம். நண்பர்களிடம் சொன்னதுபோல வீட்டிலும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: இரவுச் சமையல் இனி உங்களுடையது, பையனின் வீட்டுப்பாடம் உங்களுடையது. “உதவி செய்கிறேன்” என்று வருபவரிடம் தினமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பொறுப்பாகவே ஏற்றுக்கொண்டால் கேட்கும் அலுப்பும் மிச்சம்.

இதை வைத்துப் பொங்கல் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மனைவியோ மகளோ அம்மாவோ புது வேலைக்குப் போன பிறகு, வீட்டில் எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று ஆண்கள் எழுதுங்கள். முதல் வாரம் சாம்பார் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதலாம். அஞ்சலட்டையில் நாலு வரி வந்தாலும் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்