காய்ந்த தக்காளியை யார் வாங்குவார்?

மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை சரிந்தால், பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூட கட்டுப்படியாகாது. பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். சாலையோரம் கொட்டுவதும் உண்டு. அதே தக்காளிதான் 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

'மலிவாக இருக்கும்போது வற்றல் போட்டுவிட்டால் என்ன?' என்று தோன்றும். ஆனால் தக்காளியில் சுமார் 94 சதவிகிதம் தண்ணீர். மொட்டைமாடியில் காயவைத்தால் தூசி, ஈ, திடீர் மழை... சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

இதற்கு ஒரு வழி, மும்பை இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியில் படித்த வைபவ் திட்கே உள்ளிட்ட நண்பர்களிடமிருந்து வந்தது. அவர்கள் உருவாக்கியது மின்சாரம் இல்லாமலே இயங்கும் சோலார் உலர்த்தி. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தட்டு வெயிலில் சூடாகி, அதன்மேல் பரப்பிய காயை அடியிலிருந்தே காயவைக்கும். 'எஸ்4எஸ் டெக்னாலஜீஸ்' என்ற நிறுவனம் இப்படித்தான் பிறந்தது.

உலர்த்தியை விற்றுவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. கிராமத்துப் பெண்களுக்கு உலர்த்தி கிடைக்க வழிசெய்து, காயவைத்த காய்கறியைத் திரும்ப வாங்கி, உணவு நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, காய்ந்த பொருளுக்கு ஆளும் இருக்க வேண்டும் அல்லவா? 2023-ல் இந்த நிறுவனத்துக்கு எர்த்ஷாட் விருதும் 10 லட்சம் பவுண்டும் கிடைத்தன.

நம் ஊருக்கும் இது பொருந்துமா? ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ வற்றலுக்கு சுமார் 15 கிலோ பழம் வேண்டும். பழம் கிலோ 5 ரூபாய் என்றால் 75 ரூபாய் அடக்கம். 30 ரூபாய் என்றால் 450 ரூபாய்! கூலி தனி. ஆக, விலை விழுந்திருக்கும்போது மட்டுமே இது கைகொடுக்கும். மற்ற நாட்களில் உலர்த்தி சும்மா கிடக்காமல் இருக்க முருங்கைக்கீரை, மாங்காய், வெங்காயம் என்று வேறு சரக்கும் வேண்டும்.

உணவுப் பதப்படுத்துதலில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தர, தஞ்சாவூரில் மத்திய அரசின் நிஃப்டெம் நிறுவனம் இருக்கிறது. புதிய தொழில் தொடங்குவோருக்குத் தமிழக அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' இருக்கிறது.

ஆனால் கடன் வாங்கி உலர்த்தியை இறக்கும் முன், ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த தக்காளியை யார் வாங்குவார், என்ன விலைக்கு?